போர்ட்டல் 2 கோ-ஆப்ல (ரெண்டு பேர் சேர்ந்து ஆடற மோடு) ஃப்ரெண்டே எல்லா பஸிலையும் முடிச்சிடறான், நான் சும்மா நிக்கறேன். என்ன பண்றது?

ஓரமா_நிக்கறவன்:

வணக்கம் மக்களே. நான் கோயமுத்தூருங்க. என்ற ஃப்ரெண்டு வேலைக்குன்னு ஓசூர் போயி ரெண்டு வருசம் ஆச்சு. ஆறாங்கிளாஸ்ல இருந்து ஒண்ணா சுத்துன ஆளு, இப்ப போன் பண்ணா "சாப்டியா, மழையா அங்க" அதுக்கு மேல பேச ஒண்ணும் வரமாட்டேங்குது. அதனால சனிக்கிழமை நைட்டு மட்டும் ஒண்ணா ஏதாச்சும் கேம் ஆடலாம்னு அவன்தான் ஆரம்பிச்சான். சுட்டுத்தள்ற கேமெல்லாம் எனக்கு ஒத்துவராது, கை வேகம் பத்தாது, பஸில்னா சரின்னேன். போர்ட்டல் 2 சேல்ல வந்தப்ப எனக்கும் ஒண்ணு கிஃப்டா அனுப்பிட்டான்.

கேம்ல ஒரு குறை சொல்ல முடியாதுங்க. 2011ல வந்தது, என்ற ஓட்டை லேப்டாப்லயே வழுக்கிட்டு போகுது. ரெண்டு ரோபோ, அவன் நீலக்கலர் குண்டு அட்லஸ், நான் ஆரஞ்சு கலர் ஒல்லி பி-பாடி. ஆளுக்கு ரெண்டு போர்ட்டல், அதாவது சுவர்ல அடிக்கற ஓட்டை, ஒண்ணுல நுழைஞ்சா இன்னொண்ணுல வெளிய வரலாம், ஆக மொத்தம் நாலு ஓட்டை, அதை வச்சு ரெண்டு பேரும் கதவு தாண்டணும். முதல் கோர்ஸ், அதாவது முதல் செட் ரூமுங்க, ஜாலியா போச்சு. அப்பறம்தான் தெரிஞ்சுது, அவன் காலேஜ் ஹாஸ்டல்லயே ரூம்மேட்டோட இதை கடைசி வரைக்கும் முடிச்சிருக்கான்.

இப்ப என்ன நடக்குதுன்னா, ரூமுக்குள்ள நுழைஞ்சு நான் எந்த சுவர் வெள்ளை, எதுல போர்ட்டல் ஒட்டும்னு அண்ணாந்து பாக்கறதுக்குள்ள அவன் ரெண்டு போர்ட்டலையும் அடிச்சு முடிச்சிருப்பான். "டேய் அந்த பட்டன் மேல நில்லு", "இப்ப குதி", "அதில்லடா இடது பக்கம், இன்னும் இடது". நானும் நிக்கறேன், குதிக்கறேன். மேல இருந்து கீழ இருக்கற போர்ட்டல்ல விழுந்து அந்த வேகத்துலயே இன்னொரு பக்கம் பீரங்கிக் குண்டு மாதிரி பறந்து போற ரூமெல்லாம் வந்துச்சுல்ல, அதுல நான் பறந்தேன், ஏன் பறந்தேன் எப்படி பறந்தேன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. போன வாரம் ஒளிப்பாலம் வர்ற கோர்ஸ். நான் பாலத்து மேல நடுவுல நடந்துட்டு இருக்கேன், சார் அடுத்த ஸ்டெப்புக்கு போயிட்டாரு, போர்ட்டலை வேற சுவர்ல அடிச்சாரு, என் காலுக்கு கீழ இருந்த பாலம் காணோம். செத்தா மறுபடி அசெம்பிள் ஆகி குழாய்ல இருந்து வந்து விழப்போறோம், அது பெரிய விசயம் இல்ல, ஆனா மேல இருந்து நம்மள டெஸ்ட் பண்ற கம்ப்யூட்டர், அந்த கிளாடோஸ் பொம்பளை வேற ஒருத்தனுக்கு பாயின்ட் போட்டு இன்னொருத்தனை மட்டம் தட்டும் பாருங்க, எரியுது.

அவன் காசுல வாங்கின கேம், அவனே ஆசையா கூப்பிடறான், இதுல போயி நான் மூஞ்சிய தூக்குனா நல்லாவா இருக்கும்? ரெண்டு கேள்வி. இதை அவன் மனசு நோகாம எப்படி சொல்றது? அப்பறம் அவனுக்கும் முன்னாடியே விடை தெரியாத, ரெண்டு பேரும் உண்மையிலயே யோசிச்சாகணும்ங்கற மாதிரி கேம் இருக்குங்களா? லேப்டாப்ல கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது, 8 ஜிபி ரேம்.


தயிர்சாதம்:

ப்ரோ இதுல மனசு நோக என்ன இருக்கு, "மூடிட்டு ஆடுடா"ன்னு சொல்லுங்க. ஆறாங்கிளாஸ் ஃப்ரெண்டுன்னு சொல்றீங்க, அவன்கிட்ட இதுக்கு பட்டர் பேப்பர்ல சுத்தியா குடுக்க முடியும்.

நானும் என் தம்பியும் ஒரு ரூல் வச்சிருந்தோம். ஏற்கனவே முடிச்சவன் அந்த ரூமுக்கு கை மட்டும்தான், மூளை கிடையாது. புதுசா ஆடறவன் எங்க பிங் அடிச்சு (இங்கன்னு ஸ்கிரீன்ல குறி வச்சு) காட்டறானோ அங்கதான் போர்ட்டல் போடணும், தப்பான சுவரா இருந்தாலும் போடணும், குதின்னா ஆசிட்டா இருந்தாலும் குதிக்கணும். அந்த பிங் டூலும் 3, 2, 1 எண்ணற கவுன்ட்டவுனும் கேம்லயே குடுத்திருக்கறது இதுக்குத்தான். மைக்கை ஆஃப் பண்ணிட்டு பிங்கை மட்டும் வச்சே ஒரு நாள் ஆடிப்பாருங்க, அவனுக்கு வாயே இல்லன்னா எப்படி ஆர்டர் போடுவான்.


முன்னாடி_முடிச்சவன்:

நான் உங்க ஃப்ரெண்டு இடத்துல இருந்தவன், அதனால அவனுக்காக கொஞ்சம் பேசறேன். இது பந்தா இல்ல நண்பா. நீங்க சரியான சுவரை ரெண்டு செகண்ட் உத்து பாத்துட்டு அப்படியே திரும்பி அந்தாண்ட போவீங்க பாருங்க, அந்த நேரத்துல வாயை கட்டிட்டு உக்காந்திருக்கறது தும்மல் வரும்போது அடக்கற மாதிரி. நான் என் மாமா பையனோட ஆடினப்ப அவன் ஒரு ரூம்ல 40 நிமிசம் சுத்தினான், நான் எழுந்து போயி பாத்திரமே விளக்கிட்டு வந்தேன், வந்து பாத்தா அதே மூலையில நின்னு ரெண்டு ரோபோவையும் கைதட்ட வச்சு விளையாடிட்டு இருக்கான்.

தயிர்சாதம் சொன்ன ரூல் ரெண்டு மூணு ரூமுக்கு தாங்கும், அப்பறம் அவன் மூச்சு விடற சத்தத்துலயே உங்களுக்கு விடை தெரிஞ்சிடும். "ம்ம்ம்"னு இழுத்தான்னா தப்பு, அமைதியாயிட்டான்னா சரி. நான் சொல்றது வேற வழி. அவனுக்கும் தெரியாத ரூமுக்கு ரெண்டு பேரும் போங்க.

மொதல்ல அவன்கிட்ட ஆர்ட் தெரபி முடிச்சிட்டானான்னு கேளுங்க. அஞ்சு கோர்ஸ் முடிஞ்சு கதை முடிஞ்சதும் நிறைய பேர் அதோட மூடி வச்சிடுவாங்க. ஆனா 2011 அக்டோபர்ல பியர் ரிவ்யூன்னு ஒரு டிஎல்சி (கேமோட கூடுதல் பகுதி) ஃப்ரீயாவே விட்டாங்க, ஆறாவது கோர்ஸான ஆர்ட் தெரபி அதுலதான் வந்துச்சு, உங்ககிட்ட இருக்கற கேம்லயே இருக்கும். மத்த அஞ்சை விட கொஞ்சம் கஷ்டம்.

அதையும் முடிச்சிருந்தான்னா ஸ்டீம் ஒர்க்‌ஷாப், ஆடறவங்களே செஞ்ச ரூமெல்லாம் கிடைக்கற இடம். 2012 மே மாசம் கேமை செஞ்ச வால்வ் கம்பெனி லெவல் எடிட்டரை எல்லாருக்கும் திறந்து விட்டுட்டாங்க, அப்பறம் கோ-ஆப் மேப்பும் அதுலயே பண்ற மாதிரி ஆச்சு. அன்னில இருந்து ஆட்கள் செஞ்சு தள்ளிட்டே இருக்காங்க. இதுல பாதி குப்பை, இருட்டு ரூம்ல ஒரு பட்டனை ஒளிச்சு வச்சிட்டு அதை பஸில்னு சொல்லுவாங்க, அதனால ரேட்டிங் வச்சு சார்ட் பண்ணி மேல இருக்கறதை மட்டும் எடுங்க. நானும் மாமா பையனும் கடைசில இதுலதான் செட்டானோம். எனக்கும் ஒண்ணும் தெரியாம முழிக்கறேன்னு தெரிஞ்சதும் அவன் மூஞ்சில வந்த சந்தோசம் இருக்கே.


ஓரமா_நிக்கறவன்:

அந்த தும்மல் மேட்டர் படிச்சு சிரிச்சிட்டேனுங்க, அவனும் அப்படித்தான் மூச்சு விடுவான். ஆர்ட் தெரபி கேட்டேன், "அப்படின்னா?"ங்கறான். அப்ப இந்த சனிக்கிழமை நேரா அதுக்குள்ள போயிடலாம்னு இருக்கேன். வேற கேமும் சொல்லுங்க, போர்ட்டலையே எத்தனை மாசம் ஓட்டறது.


மொட்டைமாடி_மல்லி:

கீப் டாக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்ப்ளோட்ஸ். வேற எதையும் பாக்காதீங்க. ஒரே ஒருத்தர் வாங்கினா போதும், இன்னொருத்தருக்கு கேமே வேணாம், இன்டர்நெட் கூட வேணாம், சாதா போன் கால் போதும்.

கனடாவுல ஸ்டீல் கிரேட் கேம்ஸ்னு ஒரு சின்ன டீம் பண்ணது, 2015ல வந்துச்சு. ஒருத்தர் முன்னாடி ஸ்கிரீன்ல பாம் இருக்கும், டைமர் ஓடும், ஆனா எந்த வயரை வெட்டணும்னு அவருக்கு தெரியாது. இன்னொருத்தர் கையில 23 பக்க மேனுவல் இருக்கும், அதை அவங்க சைட்லயே ஃப்ரீயா எடுத்துக்கலாம், ஆனா அவருக்கு பாம் தெரியாது. மேனுவலை பாம் வச்சிருக்கறவர் பாக்கக்கூடாது, ஸ்கிரீனை மேனுவல்காரர் பாக்கக்கூடாது, அவ்ளோதான் ரூல். பாம் ஒவ்வொரு தடவையும் புதுசா மாறி வரும், அதனால உங்க ஃப்ரெண்டு இதை நூறு தடவை ஆடியிருந்தாலும் நீங்க வாயை திறந்து சொன்னாத்தான் அவருக்கு என்ன இருக்குன்னே தெரியும். உங்க பிரச்சினைக்கு மருந்து இதுதான்.

முதல் பாம் அஞ்சு நிமிசம், மூணு மாட்யூல் (பாம்ல இருக்கற குட்டி குட்டி பஸில்), ஈசி. மூணு வயர் இருக்கு, அதுல செகப்பே இல்லன்னா ரெண்டாவதை வெட்டுன்னு இருக்கும். அடுத்தடுத்து நாலு வயர், அஞ்சு வயர்னு போகும்போது சீரியல் நம்பரோட கடைசி இலக்கம் ஒத்தைப்படையான்னு கேப்பாங்க, அதுக்கு பாமை திருப்பி பக்கவாட்டுல தேடணும், இன்னொரு மாட்யூலுக்கு பேட்டரி எத்தனைன்னு எண்ணணும், இதுக்குள்ள டைமர் பிப் பிப்னு அடிச்சிட்டே இருக்கும். தப்பா வெட்டினா ஒரு ஸ்ட்ரைக், அதோட டைமரும் வேகமாயிடும், மூணு ஸ்ட்ரைக்ல டமால்.

நானும் எங்கக்காவும் ஆடுவோம், அவ பெங்களூர்ல, குழந்தை தூங்கினதுக்கப்பறம் கிசுகிசுன்னு பேசிட்டே ஆடணும். கீபேட்னு ஒரு மாட்யூல், நாலு பட்டன்ல கிரேக்க எழுத்து ரஷ்ய எழுத்து மாதிரி கிறுக்கி இருக்கும், மேனுவல்ல ஆறு வரிசை, நாலும் எந்த வரிசையில இருக்கோ அந்த வரிசைப்படி அமுக்கணும். எனக்கு அதுக்கெல்லாம் பேரு தெரியாது, அவளுக்கும் தெரியாது. நான் சொல்றேன், "அக்கா ஒரு திரிசூலம், ஒரு நட்சத்திரம், ஒரு சி உள்ள புள்ளி, அப்பறம் மூணுக்கு கொம்பு மொளச்சு வால் தொங்குது". அவ "கொம்பா, நம்ம கெ கே-க்கு போடற கொம்பா?"ங்கறா. "இல்லடி மாட்டுக்கொம்பு!" அப்பறம் நட்சத்திரம் வெறும் கோடா உள்ள கருப்பு ரொப்பி இருக்கான்னு கேக்கறா, ஏன்னா ரெண்டு நட்சத்திரமும் வேற வேற வரிசையில இருக்கு. அந்த சி-க்கும் வாய் எந்தப்பக்கம் திறந்திருக்குன்னு பாக்கணும், திருப்பி போட்ட சி-யும் இருக்கு. இத்தனையும் சொல்லி முடிச்சு திரிசூலம், சி, மாட்டுக்கொம்பு மூணு, கருப்பு நட்சத்திரம்னு அமுக்கறதுக்குள்ள 20 செகண்ட்தான் மிச்சம், குழந்தையும் எழுந்துடுச்சு.

இப்ப எங்களுக்குன்னு ஒரு அகராதியே இருக்கு. கயிறு கட்டின பலூன், குதிரை லாடம், தொப்பி போட்ட டபிள்யூ. வேற யார்கூட ஆடினாலும் அந்த பேரெல்லாம் செல்லாது, முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.


சும்மா_ஒரு_ஐடி:

இட் டேக்ஸ் டூ ஆடுங்க ப்ரோ. 2021 கேம் அவார்ட்ஸ்ல கேம் ஆஃப் தி இயர். ஒருத்தர் வாங்கினா இன்னொருத்தர் ஃப்ரெண்ட்ஸ் பாஸ்ல ஃப்ரீ.


தயிர்சாதம்:

@சும்மா_ஒரு_ஐடி கிராஃபிக்ஸ் கார்டு இல்லன்னு எழுதியிருக்காரே, படிக்கலையா. அது போட்டா அந்த லேப்டாப்ல தோசை சுடலாம். அப்பறம் அது விவாகரத்து பண்ணப்போற புருசன் பொண்டாட்டி கதை, பஸில் கம்மி, ஓட்டம் தாவல்தான் ஜாஸ்தி. நல்ல கேம்தான், நானும் முடிச்சேன், ஆனா அந்த பொம்மை யானை சீன்ல என் தம்பி கண்ட்ரோலரை கீழ வச்சிட்டு "நான் பண்ணமாட்டேன், நீ பண்ணு"ன்னுட்டான். ஆடினவங்களுக்கு புரியும்.

வீ வேர் ஹியர் பாருங்க ஓரமா ப்ரோ. 2017ல வந்தது, நெதர்லாந்து டீம், முதல் பார்ட் ஃப்ரீ. பனிக்குள்ள ஒரு கோட்டை, ரெண்டு பேரும் தனித்தனியா மாட்டிக்குவீங்க, ஒருத்தர் லைப்ரரில புக்கு படம்னு பாத்து சொல்லணும், இன்னொருத்தர் ரூம் ரூமா போயி அதை செய்யணும். பேசறதுக்கு வாக்கி டாக்கிதான். ஒரு நைட்ல முடிஞ்சிடும். முடிஞ்சதும் ஆளை மாத்தி ஆடலாம், ஆனா அப்ப பாதி தெரிஞ்சிருக்கும்.


பனங்காய்_பணியாரம்:

எனக்கும் அண்ணாவுக்கும் உதே பிரச்சினைதான் இருந்தது. அவர் டொரோண்டோவில, நான் இஞ்ச யாழ்ப்பாணத்தில. அவர் சின்னனில இருந்தே எந்தக் கேம் எண்டாலும் தான் முதல் முடிச்சுப்போட்டுத்தான் எனக்குத் தருவார், தந்துபோட்டுப் பக்கத்தில இருந்து "அங்க போ, அதை எடு" எண்டு சொல்லிக்கொண்டிருப்பார். வயசு முப்பத்தஞ்சு ஆகியும் அது மாறேல்லை.

எங்களுக்குச் சரிவந்தது போனில விளையாடுற கேம்கள். என்னட்ட லேப்டாப் இல்லை. டிக் டாக்: எ டேல் ஃபார் டூ எண்டு ஒண்டு, டென்மார்க்கில செய்தது, 2019. மணிக்கூடு செய்யிற ஒராளின்ர கதை. ரெண்டு பேரும் கேமைத் தனித்தனியா வாங்கோணும், ஆனா ரெண்டு போனுக்கும் இடையில ஒரு தொடர்பும் இல்லை, நெட் இழுத்துத் தாமதமாகிற பிரச்சினையும் வராது. எனக்குத் தெரியிற படத்தில அரைவாசி, அவருக்குத் தெரியிறதில மற்ற அரைவாசி, வாயால சொல்லித்தான் பொருத்தோணும். இன்னொண்டு தி பாஸ்ட் விதின், ரஸ்டி லேக் ஆக்கள் செய்தது, 2022. ஒராள் கடந்த காலத்தில, மற்றாள் எதிர்காலத்தில. ரெண்டு மணித்தியாலம் வரும். கொஞ்சம் பயமான கேம், பிரேதமெல்லாம் வரும், இரவில தனிய இருந்து விளையாடுறவை யோசிச்சுச் செய்யுங்கோ.

நான் காலமை எட்டு மணிக்குத் தேத்தண்ணியோட இருப்பன், அவருக்கு அப்ப முதல் நாள் இரவு பத்தரை. நித்திரைத் தூக்கத்தில "வலப்பக்கம்" எண்டு சொல்லுவார், நான் திருப்புவன், பிறகு பாத்தா அவர் தன்ர வலப்பக்கத்தைச் சொல்லியிருக்கிறார். ஒண்டு மட்டும் சொல்லுறன், ஸ்கிரீன்ஷாட் அனுப்பக்கூடாது. ஒருக்கா அண்ணா பொறுமை இல்லாமல் வாட்ஸப்பில படத்தைப் போட்டுட்டார், ரெண்டு நிமிசத்தில அந்தக் கட்டம் முடிஞ்சுது, பிறகு ரெண்டு பேருக்கும் ஒரு மாதிரி ஆயிட்டுது, அண்டைக்கு அதோட வச்சிட்டம்.


முன்னாடி_முடிச்சவன்:

ஸ்கிரீன்ஷாட் பாயின்ட் நூத்துக்கு நூறு. மல்லி சொன்ன பாம் கேம்லயும் அதேதான், மேனுவல்காரன் டிஸ்கார்டுல ஸ்கிரீன் ஷேர் கேட்டான்னா கட் பண்ணிடுங்க.


ஓரமா_நிக்கறவன்:

மூணு வாரம் கழிச்சு வர்றேனுங்க, ஆடிட்டு வந்து சொல்லலாம்னு இருந்தேன்.

ஆர்ட் தெரபி போனோம். நுழைஞ்சதும் அவன் வழக்கம்போல போர்ட்டல் கன்னை தூக்கினான், ஒரு சுவர்ல அடிச்சான், இன்னொண்ணுல அடிச்சான், அப்படியே நின்னுட்டான். ரொம்ப நேரம் சத்தமே இல்ல, நெட்டு போச்சோன்னு நினைச்சு "லைன்ல இருக்கியாடா"ன்னேன். "இருக்கேன்டா, ஒண்ணும் புரியல, நீ என்ன நினைக்கறே?"ங்கறான். மூணு மாசத்துல முதல் தடவை கேட்ட கேள்வி. எனக்கும் ஒரு எழவும் புரியல, ஆனா நான் பாட்டுக்கு அந்த மூலையில இருக்கற சுவரை காட்டி ஏதோ சொன்னேன், தப்பு, செத்தோம், மறுபடி அவன் ஒண்ணு சொன்னான், அதுவும் தப்பு. அந்த ஒரு ரூமுக்கு ஒண்ணே கால் மணி நேரம் ஆச்சு. முடிஞ்சப்ப ரெண்டு ரோபோவும் ஹை-ஃபைவ் அடிச்சுக்கிட்டாங்க, கிளாடோஸ் திட்டினா திட்டட்டும்.

அவன்கிட்ட நான் ஒண்ணுமே சொல்லலைங்க, கேட்டவங்களுக்காக சொல்றேன். சொல்லத் தேவையே வரல.

பாம் கேமும் வாங்கியாச்சு, இந்த தடவை என் காசு. லேப்டாப்ல ஓடுது. நான் பாம், அவன் மேனுவல், ஸ்பீக்கர் போன்ல. கொஞ்சம் பாம் தாண்டினதும் ஒரு மாட்யூல் வந்துச்சு, மேல ஒரு ஸ்கிரீன்ல இங்கிலீசுல ஒரு வார்த்தை வரும், அதை சொன்னா கீழ எந்த பட்டனை படிக்கணும்னு மேனுவல்ல இருக்கும். ரெட்டுங்கறது எந்த ரெட்டு, கலரா படிச்சதா, எல்லாத்தையும் எழுத்து கூட்டி சொல்லணும். அதெல்லாம் சமாளிச்சிட்டோம். ஒரு தடவை அந்த ஸ்கிரீன் காலியா இருந்துச்சு. அவன் "என்னடா இருக்கு"ங்கறான், நான் "ஒண்ணும் இல்லடா"ன்னேன். அவன் மேனுவல்ல தேடி நத்திங்குன்னு ஒரு வரி இருக்கறதை பாத்துட்டு ஒரு பட்டன் சொன்னான், ஸ்ட்ரைக். மறுபடி அதே மாதிரி, மறுபடி ஸ்ட்ரைக். "டேய் ஒண்ணும் இல்லன்னு எழுதியிருக்கா, இல்ல எழுதவே இல்லையா?" "எழுதவே இல்லடா!" "அப்ப பிளாங்க்கா?" "ஆமா பிளாங்க்கு!" பிளாங்க்குன்னும் ஒரு வரி இருக்குதுங்க மேனுவல்ல. டமால்.

கத்தின கத்துல அம்மா எழுந்து வந்து லைட்ட போட்டுட்டாங்க. இப்ப காலியா இருந்தா "மொட்டை"ன்னு சொல்றதுன்னு பேசி வச்சிருக்கோம்.

மேனுவலை போன்ல ஸ்க்ரோல் பண்ணி மாளலைன்னு அவன் ஓசூர்ல ஒரு செராக்ஸ் கடையில போயி 23 பக்கமும் பிரிண்ட் போட்டிருக்கான். கடைக்கார அண்ணன் முதல் பக்கத்துல பாம் படத்தை பாத்துட்டு இவனை மேலயும் கீழயும் பாத்திருக்காரு. "காலேஜ் புராஜெக்ட்ணா"ன்னு சொல்லி சமாளிச்சுட்டு, ஸ்பைரல் பைண்டிங்கும் போட்டுட்டு வந்திருக்கான்.